அப்பத்தா கல்லறையில் வைத்த பூ

"குழந்தையை மண்டையோட்டுத் திருவிழாவுக்கா கூட்டிக்கொண்டு போகிறீர்கள், அக்கா?" என்று அரிசோனா மாநிலத்தில் நாங்கள் வசிக்கும் சாண்ட்லர் ஊரின் தமிழ்க் குழுவில் ஒரு தங்கை கேட்டிருந்தார். கேலியாகக் கேட்கவில்லை, உண்மையான கவலையோடுதான் கேட்டார். குழுவில் நாலு வரி பதில் போட்டேன். அது போதவில்லை என்று தோன்றியதால் இங்கே விரிவாக எழுதுகிறேன்.

பீனிக்ஸ் நகரில் பாப்பகோ பூங்காவை ஒட்டி இருக்கும் பாலைவனத் தாவரவியல் பூங்காவைப் பற்றிய பேச்சு இது. 1939இல் திறந்த இடம், 140 ஏக்கர், எங்கு திரும்பினாலும் கள்ளி. கோடையில் காலை ஏழு மணிக்கே வெயில் தோலை உரிக்கும். அக்டோபர் கடைசியில்தான் மனிதர்கள் நிதானமாக நடக்க முடியும். அந்தப் பருவத்தில்தான், இறந்தவர்களை நினைத்து மெக்சிகோ மக்கள் கொண்டாடும் மரித்தோர் நாளையொட்டி அங்கே படையல் வைக்கிறார்கள். பாட்டு, ஆட்டம், ஊர்வலம் எல்லாம் நடக்கின்றன.

சென்ற ஆண்டு ஊர்வலத்தில் இறகுத் தலையணி அணிந்த ஆட்டக்காரர்கள் சங்கு ஊதிக்கொண்டு வந்தார்கள். வெவெத்தல் என்ற நெட்டை முரசு அதிர்ந்தது. காலில் சலங்கை போல ஏதோ கட்டியிருந்தார்கள். ஆனால் அதில் வெண்கல ஓசை இல்லை. தகரக் கூரையில் மழை விழுவதுபோல ஒரு சடசடப்பு. ஆட்டம் முடிந்ததும் என் மகள் நேராக ஓர் ஆட்டக்காரரிடம் போய் அது என்ன என்று கேட்டாள். அவர் மண்டியிட்டு, கால்பட்டையை அவள் தொட்டுப் பார்க்கும்படி காட்டினார். "அயோயோத்தே" என்றார். உலர்ந்த கொட்டை ஓடுகளை வரிசையாகக் கோத்துத் தைத்திருந்தார்கள்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்தக் கொட்டை எனக்குத் தெரியும். திண்டுக்கல்லில் எங்கள் பள்ளிக்கூடச் சுவரோரம் நின்ற பொன்னரளி மரத்தின் காய்க்குள் இருப்பது அதுதான், அல்லது அதன் உடன்பிறப்பு. நச்சுக்காய், தொடாதே என்று அப்பத்தா கையைத் தட்டிவிடுவார். பொன்னரளிக்குச் சொந்த ஊர் மெக்சிகோவும் அதை அடுத்த மத்திய அமெரிக்காவும். அதன் தாவரவியல் பெயர் காஸ்கபேலா. ஸ்பானிய மொழியில் காஸ்கபெல் என்றால் சலங்கை மணி. பெயரிலேயே சலங்கையை வைத்துக்கொண்டு அந்த மரம் என் பள்ளிக்கூட வாசலில் நின்றிருக்கிறது. நான் அதைத் தெரிந்துகொள்ள இத்தனை வருடமும் இத்தனை ஆயிரம் மைலும் ஆகியிருக்கிறது.

இந்தத் திருவிழாவுக்குத் தாவரவியல் பூங்காதான் சரியான இடம் என்று நான் அடித்துச் சொல்வது இதனால்தான். அரங்கத்திலோ வணிக வளாகத்திலோ இதே ஆட்டத்தைப் பார்த்திருந்தால் உடையின் நிறம் மட்டும் நினைவில் நின்றிருக்கும். மெக்சிகோவின் கலையில் பாதி செடியிலிருந்தும் மரத்திலிருந்தும் பிறந்தது. அந்தச் செடி பக்கத்தில் வேர்விட்டு நிற்கும்போதுதான் கலை நமக்கு முழுதாகப் புரிகிறது.

படையலையே எடுத்துக்கொள்ளுங்கள். ஸ்பானிய மொழியில் ஒஃப்ரெண்டா. இறந்தவரின் படம், தாகத்துக்குத் தண்ணீர், உப்பு, மெழுகுத்திரி, அவருக்குப் பிடித்த சாப்பாடு, எல்லாவற்றையும் சுற்றிச் செம்பசூச்சில் பூ. நம் செண்டுப்பூதான் அது. துலுக்கச் சாமந்தி என்றும் சொல்வோம். மெக்சிகோவின் பழங்குடி மொழியான நவ்வாத்தலில் அந்தப் பெயருக்கு 'இருபது பூ' என்று பொருள். இருபது இருபதாக எண்ணிய மக்கள், இதழ் அடர்ந்த பூவுக்கு வைத்த பெயர். அதன் நிறமும் வாசமும் இறந்தவருக்கு வீட்டு வழியைக் காட்டும் என்பது அவர்கள் நம்பிக்கை. சம்பங்கிக்கும் தாயகம் மெக்சிகோதான். நவ்வாத்தலில் அதன் பெயருக்கு 'எலும்புப் பூ' என்று பொருள். இரண்டையும் நிலக்கோட்டைப் பூ மார்க்கெட்டில் மூட்டை மூட்டையாகப் பார்த்து வளர்ந்தவள் நான். இவை கடல் கடந்து வந்தவை என்று எனக்கு யாரும் சொன்னதில்லை.

புகை போடுவது கோப்பல் என்ற பிசினால். அந்த மரமும் நமக்குக் குந்திரிக்கம் தரும் மரமும் ஒரே தாவரக் குடும்பம். ஒவாஹாக்கா மாநிலத்துக் கிராமங்களில் இந்தக் கோப்பல் மரத்தைச் செதுக்கித்தான் அலெப்ரிஹே எனும் வண்ண விலங்குகளைச் செய்கிறார்கள். பெயரைத் தந்தவர் மெக்சிகோ நகரத்துக் காகிதக்கூழ்க் கலைஞர் பெத்ரோ லினாரெஸ். 1936இல் நோயில் கிடந்தபோது சிறகு முளைத்த கழுதையும் கொம்பு முளைத்த சேவலும் அந்தச் சொல்லைக் கத்திக்கொண்டு கனவில் வந்ததாகச் சொன்னவர். சான் மார்ட்டின் தில்காஹேத்தே கிராமத்துச் சிற்பிகள் ஹாக்கோபோ, மரியா ஆங்ஹெலெஸ் தம்பதியர் கோப்பல் கன்றுகளை வளர்த்து நடுகிறார்கள். மரம் தீர்ந்தால் கலையும் தீரும் என்று தெரிந்தவர்கள்.

இங்கே ஒரு கோபத்தையும் சொல்லியாக வேண்டும். சில ஆண்டுகளுக்கு முன்பு வேறொரு மாநிலத்தில் ஒரு தாவரவியல் பூங்காவுக்குப் போயிருந்தோம். அங்கேயும் இதே பெயரில் விழா. படையல் முழுக்கப் பிளாஸ்டிக் செண்டுப்பூ! தாவரவியல் பூங்காவில்! பக்கத்தில் ஹாலோவீன் பூசணியும் சிலந்தி வலையும். கைவினைஞர் ஒருவரின் பெயர்கூட எந்தப் பலகையிலும் இல்லை. குழுவில் கேட்ட தங்கைக்கு வந்த பயம் இப்படிப்பட்ட விழாக்களால்தான் வருகிறது என்று நினைக்கிறேன். மண்டையோட்டை வெறும் அலங்காரமாக்கினால் பார்க்கிறவருக்குப் பயமோ விளையாட்டோதான் மிஞ்சும்.

உண்மையில் அங்கே மண்டையோடு இனிப்புப் பண்டம். சர்க்கரையில் செய்து, நெற்றியில் பெயர் எழுதி, உயிரோடு இருக்கும் நண்பருக்கும் கொடுப்பார்கள். பூத்தொப்பி வைத்த எலும்புச் சீமாட்டி கத்ரீனாவை வரைந்தவர் ஹோசே குவாதலூப்பே போசாதா. சொந்த வேரை மறைத்து ஐரோப்பியரைப்போல வேடமிட்டவர்களைச் சாடத்தான் அவர் அந்தப் படத்தைச் செதுக்கினார். 1913இல் வறுமையில் இறந்தார். கத்ரீனா ஒப்பனை போட்டுக்கொள்ளும் குழந்தைகளுக்கு இந்தக் கதையை ஒரு நிமிடம் நின்று யாராவது சொல்ல வேண்டும்.

"அமெரிக்காவில் எதற்கு மெக்சிகோ விழா?" என்று கேட்பவர்களும் உண்டு. நாம் வீடு வாங்கியிருக்கும் இந்த மண் 1848 வரை மெக்சிகோவாக இருந்தது. அமெரிக்காவோடு நடந்த போர் முடிந்து குவாதலூப்பே இதால்கோ உடன்படிக்கையில் கைமாறியது. அதற்கெல்லாம் முன்பிருந்தே ஓஓதாம் மக்களின் மண் இது. அவர்கள் இன்றும் இங்கேதான் வாழ்கிறார்கள். எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒரே சோனோரப் பாலைவனம், ஒரே சகுவாரோ கள்ளி. இதில் யார் விருந்தாளி? மென்பொருள் வேலைக்கு வந்த நாம்தான்.

அமெரிக்காவில் இந்த நாள் பொதுவெளிக்கு வந்ததும் சும்மா நடந்ததில்லை. 1970களின் தொடக்கத்தில் சான்பிரான்சிஸ்கோவிலும் கிழக்கு லாஸ் ஏஞ்சல்ஸிலும் சிக்கானோ கலைஞர்கள், அதாவது மெக்சிகோ வம்சாவளி அமெரிக்கக் கலைஞர்கள், தங்கள் உரிமைக்குரலின் ஒரு பகுதியாகப் படையலையும் ஊர்வலத்தையும் தெருவுக்குக் கொண்டுவந்தார்கள். 2008இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த மரபு இது. 2013இல் ஒரு பெரிய படநிறுவனம் இந்த நாளின் பெயரையே வணிகமுத்திரையாகப் பதிவு செய்யப் பார்த்தது. மக்கள் கொதித்தெழுந்த பிறகுதான் விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றது. ஆகவே இங்கே ஒரு படையலின் முன் நிற்கும்போது நாம் ஒரு போராட்டத்தின் முன்பும் நிற்கிறோம்.

இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. பூங்காவில் சப்பாத்திக்கள்ளி மட்டைமேல் வெள்ளைப் பஞ்சுபோல ஒட்டியிருந்ததை ஒரு தன்னார்வலர் எடுத்துத் தாளில் தேய்த்துக் காட்டினார். ரத்தச் சிவப்பு! கொச்சினீல் பூச்சி. ஒவாஹாக்காவின் நெசவாளர்கள் கம்பளி நூலுக்கு இன்றும் இந்தச் சாயம் ஏற்றுகிறார்கள். ஸ்பானியர் ஆட்சியில் மெக்சிகோவிலிருந்து வெள்ளிக்கு அடுத்து அதிகப் பணம் பார்த்த ஏற்றுமதி இதுதான். இதற்கு ஆசைப்பட்டு, 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவர் ஜேம்ஸ் ஆண்டர்சன் நம் சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டார். நல்ல ரகப் பூச்சி கிடைக்காமல் அந்த முயற்சி பலிக்கவில்லை. சைதாப்பேட்டை வழியாக எத்தனை முறை ரயிலில் போயிருப்பேன்!

இப்படி விழா நடத்தும் எல்லாப் பூங்காக்களிடமும் நான் கேட்பது அதிகமில்லை. கால்சலங்கைக்கு அருகே அந்த மரத்தையும், சிவப்புக் கம்பளத்துக்கு அருகே அந்தக் கள்ளியையும் காட்டுங்கள். செதுக்கியவர் பெயரையும் நெய்தவர் பெயரையும் எழுதுங்கள், அவர்களுக்கு நியாயமான கூலி கொடுங்கள், அவர்களையே பேசவிடுங்கள். ஸ்பானிய மொழியில் பேசினால் பேசட்டும், மொழிபெயர்க்க ஆள் இருக்கிறார்கள்.

நாங்கள் கத்தோலிக்கக் குடும்பம். நவம்பர் 2 எங்களுக்குக் கல்லறைத் திருநாள். கல்லறைக்கு வெள்ளையடித்து, செண்டுப்பூ மாலை போட்டு, மெழுகுத்திரி ஏற்றி, சாமியார் வந்து மந்திரிக்கும்வரை புகைக்கு நடுவே உட்கார்ந்திருப்போம். மெக்சிகோவிலும் அதே தேதி, அதே பூ. அப்பத்தா இறந்தபோது நான் விசா சிக்கலில் மாட்டிக்கொண்டு ஊருக்குப் போக முடியவில்லை. அவர் கல்லறையை நான் அண்ணன் காட்டும் வீடியோவில் மட்டும்தான் பார்த்திருக்கிறேன். சென்ற ஆண்டு பூங்காவில் யாரோ ஒருவருடைய பாட்டியின் படத்துக்கு முன்னால், செண்டுப்பூக் குவியலுக்கு அருகில் நின்றபோதுதான் அந்த அழுகை எனக்கு வந்தது. ஆறு வருடம் தாமதமாக. என் மகள் ஒன்றும் பயப்படவில்லை. "அந்தப் பாட்டிக்கு என்ன பிடிக்கும்?" என்று மட்டும் கேட்டாள். படத்துக்கு முன்னால் ஒரு கோப்பை காபி இருந்தது.

அன்று இரவே வீட்டில் அப்பத்தா படத்தை எடுத்து வைத்தோம். தண்ணீர், உப்பு, அவர் இடித்துப் போடுகிற வெற்றிலை, பின்கட்டில் பூத்திருந்த செண்டுப்பூ. இந்த ஆண்டும் வைப்போம்.

தங்கை, எங்கள் வண்டியில் இரண்டு இடம் இருக்கிறது. ஊர்வலம் பார்த்துவிட்டு எல்லோரும் எங்கள் வீட்டுக்கே வந்துவிடலாம். இந்த ஆண்டு செண்டுப்பூ நிறையப் பூத்திருக்கிறது. உங்கள் அப்பாவின் படத்தையும் எடுத்துக்கொண்டு வாருங்கள்.