இரண்டாவது வால்வு அறுவை சிகிச்சை: எல்லோருக்கும் சிறு துளை போதுமா?

"ஒருமுறை இதய வால்வு மாற்றியவருக்கு மறுமுறை நெஞ்சைத் திறக்கவே தேவையில்லை, திறக்கச் சொல்பவர் பணத்துக்காகச் சொல்கிறார்" என்று மும்பை தாராவி, செம்பூர் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் செய்தி தவறானது, ஆபத்தானதும்கூட.

முதல் அறுவைக்குப் பின் இதயம் நெஞ்செலும்பின் உட்புறத்தோடு தழும்புத் திசுவால் ஒட்டிக்கொள்வதால், மறுபடி அந்த எலும்பை அறுக்கையில் வலது கீழறை கிழியும் அபாயம் உண்டு என்பது உண்மைதான். அதனால்தான் முன்கூட்டியே சி.டி. ஸ்கேன் எடுத்து, எலும்புக்கும் இதயத்துக்கும் உள்ள இடைவெளியைப் பார்க்கிறார்கள். இதயத்தின் இடப்பக்க மேலறைக்கும் கீழறைக்கும் இடையிலுள்ள மைட்ரல் வால்வு மட்டும் பழுதென்றால், வலப்பக்க விலா இடுக்கில் சிறு துளையிட்டுச் செல்வது இந்தச் சிக்கலைப் பெரிதும் தவிர்க்கும். ஆனால் அதற்கும் பொதுவாக, அறுவையின்போது இதயம், நுரையீரலின் வேலையைச் செய்யும் இதய-நுரையீரல் இயந்திரம் வேண்டும். அதைப் பெரும்பாலும் தொடை ரத்தக்குழாய்களில் இணைப்பதால், அக்குழாய்கள் கெட்டிருப்பவருக்கு அந்த வழி உகந்ததல்ல.

முதல் அறுவையில் வைத்தது விலங்குத் திசுவால் ஆன 'திசு வால்வு' என்றால், அது பழுதானபின் அதற்குள் கதீட்டர் (ரத்தக்குழாய் வழியே செலுத்தும் மெல்லிய குழாய்) மூலம் புது வால்வைப் பொருத்தலாம். உலோகம், கார்பன் போன்றவற்றால் ஆன மெக்கானிக்கல் வால்வுக்குள் அப்படிப் பொருத்த முடியாது. இதய வால்வுகளைக் கெடுக்கும் ருமாட்டிக் காய்ச்சலால் இளவயதிலேயே மெக்கானிக்கல் வால்வு பெற்றவர்கள் நம் நாட்டில் ஏராளம். அவர்களை இச்செய்தி அடியோடு மறந்துவிட்டது. வால்வைச் சுற்றிக் கிருமித்தொற்றால் சீழ் கட்டியிருந்தால், நெஞ்சைத் திறந்து அந்த வால்வையும் சீழையும் முழுவதுமாக அகற்றுவதே பெரும்பாலும் பாதுகாப்பு.

முதல் அறுவையின் டிஸ்சார்ஜ் சம்மரியையும் வால்வின் வகை, அளவு குறித்த அட்டையையும் எடுத்துச் சென்று, எந்த வழி, ஏன் என்று மருத்துவரிடமே கேளுங்கள். இச்செய்தியை நம்பி அறுவைத் தேதியைத் தள்ளிப்போடாதீர்கள்.