ட்வின் ஃபின் வாங்கப் போறீங்களா? முதலில் போர்டைக் கவிழ்த்துப் பாருங்கள்

நீரோடி, பொழியூர் தொடங்கி கோவளம் வரைக்கும் (திருவனந்தபுரம் கோவளம், சென்னைக்காரர்கள் சண்டைக்கு வர வேண்டாம்) சர்ஃபிங் போகிற எங்கள் பையன்களுக்கு இப்போது ட்வின் ஃபின் (அடியில் மீன் துடுப்பு மாதிரி இரண்டு ஃபின் மட்டும் உள்ள சர்ஃப் போர்டு) ஆசை பிடித்திருக்கிறது. "அண்ணே, எத்தனை அடி எடுக்கலாம்? எத்தனை லிட்டர்?" என்று விசாரிக்கிறார்கள் (லிட்டர் என்பது போர்டின் கன அளவு). என்ன நிறம் என்பதில் அதைவிட அக்கறை. அடியில் எந்த ஃபின் மாட்டுவது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. என் கட்சி இதுதான்: ட்வின் போர்டின் குணத்தில் பாதியை அந்த இரண்டு ஃபின்கள்தான் தீர்மானிக்கின்றன. போர்டுக்கு அவ்வளவு காசு கொட்டிவிட்டு, வீட்டில் கிடக்கிற பழைய ஃபினை மாட்டுவதாக இருந்தால் மூன்று ஃபின் வைத்த த்ரஸ்டரிலேயே இருந்துவிடலாம்.

எங்கள் கடலுக்கு ட்வின் பொருத்தமா என்றால், நிச்சயமாகப் பொருத்தம். தென்மேற்குப் பருவமழை ஓய்ந்து அக்டோபர் வந்ததும் கடல் அடங்கும். பிறகு வருகிற மாதங்களில் பெரும்பாலான நாள் இடுப்பு உயரம், நல்ல நாளில் நெஞ்சு உயரம். அலை சுத்தமாக இருக்கும், ஆனால் தள்ளு குறைவு. நடு ஃபின் இல்லாததால் தண்ணீரின் இழுவை குறைகிறது, அகலமான வால் சுலபமாக மிதந்து கிளம்புகிறது. த்ரஸ்டர் நின்றுபோகிற தட்டையான பகுதியை ட்வின் தாண்டிப் போய்விடும்.

ஆனால் அந்த நடு ஃபின் சும்மா வந்ததில்லை. 1976-ல் சிட்னியில் நடந்த போட்டிக்கு ஹவாயின் ரெனோ அபெலிரா ஒரு குட்டை ட்வினோடு வந்தார். அதைப் பார்த்த ஆஸ்திரேலியாவின் மார்க் ரிச்சர்ட்ஸ் தனக்கேற்ற ட்வினைச் செய்துகொண்டு 1979 முதல் 1982 வரை தொடர்ந்து 4 முறை உலகப் பட்டம் வென்றார். அதே காலத்தில் சைமன் ஆண்டர்சன் என்கிற ஆஜானுபாகுவான இன்னொரு ஆஸ்திரேலியருக்கு ட்வின் ஒத்தே வரவில்லை. வேகமான அலையில் வால் வழுக்கியது. 1980-ல் அவர் மூன்று ஃபின் வைத்துப் பார்த்தார், 1981-ல் ஆஸ்திரேலியாவின் பெல்ஸ் பீச் போட்டியை அதில் ஜெயித்தார், உலகமே த்ரஸ்டருக்கு மாறியது. ஒரே ட்வின்தான், ஒருவருக்குப் பட்டம், இன்னொருவருக்கு வழுக்கல். உங்கள் எடையையும் நீங்கள் போகிற அலையையும் பார்க்காமல் வீடியோவை மட்டும் பார்த்து வாங்காதீர்கள்.

சரி, ஃபினுக்கு வருவோம். ஒன்று கீல். அடிப்பாகம் நீளம், உயரம் குறைவு. 1967 வாக்கில் சான் டியேகோவில் ஸ்டீவ் லிஸ் மண்டியிட்டு ஓட்டச் செய்த ஃபிஷ் போர்டின் வழியில் வந்தது. நேராக ஓடும், வேகத்தை விடாது, திரும்பும்போது பெரிய வட்டம் எடுக்கும். இன்னொன்று நிமிர்ந்த ட்வின். அடிப்பாகம் குறுகல், உயரம் அதிகம். சட்டென்று திரும்பும், சட்டென்று வழுக்கவும் செய்யும். பொழிமுகத்து (ஆறு கடலில் சேருகிற இடம்) மணல்திட்டில் நீளமாக ஓடுகிற அலைக்கு நான் கீல்தான் சொல்வேன். தூண்டில் வளைவுக்கு (கடலரிப்பைத் தடுக்கக் கடலுக்குள் நீட்டிப் போட்ட கல் சுவர்) பக்கத்தில் குட்டையாக எழுந்து உடைகிற அலைக்கு நிமிர்ந்தது. அங்கே திரும்புவதற்கு இடமே கொஞ்சம்தான், கல்லும் பக்கத்தில்.

இங்கே நான் அதிகம் பார்க்கிற கூத்து, த்ரஸ்டர் செட்டின் பக்கவாட்டு ஃபின் இரண்டைக் கழற்றி ட்வினில் மாட்டுவது. அவை நடு ஃபினின் துணையோடு வேலை செய்யும் அளவில் செய்யப்பட்டவை. தனியாக விட்டால் பரப்பு போதாது, வால் சோப்பு மிதித்த கால் மாதிரி போகும். பிறகு "ட்வினே சரியில்லை" என்று பழி போர்டின் மேல். ட்வினுக்கென்று விற்கிற பெரிய ஃபின் வாங்குங்கள். உடம்பு கனமானவர்கள் அதிலும் பெரியதை.

செகண்ட் ஹேண்ட் எடுப்பவர்கள் போர்டைக் கவிழ்த்து வைத்து இரண்டு ஃபினையும் பின்னாலிருந்து பாருங்கள். முன்முனைகள் லேசாக உள்நோக்கி, போர்டின் மூக்குப் பக்கம் திரும்பியிருக்கும். அது கூடினால் திருப்பம் எளிது, குறைந்தால் நேர்வேகம். நுனிகள் வெளிப்பக்கம் சாய்ந்திருக்கும். எவ்வளவு என்பது செய்தவரின் ரசனை, ஆனால் இடதும் வலதும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஃபின் செருகுகிற பெட்டி உடைந்து யாரோ ஒட்டிய போர்டில் இது கோணலாகிவிடும். எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

பெட்டி எந்த வகை என்பதையும் பாருங்கள். ஃபியூச்சர்ஸ், எஃப்சிஎஸ் என்று இரண்டு கம்பெனி வகை உண்டு, ஃபியூச்சர்ஸ் ஃபின் எஃப்சிஎஸ் பெட்டியில் ஏறாது. திருகு வைத்த வகை என்றால் நம் உப்புக்காற்றில் துருப்பிடிக்கும், அவ்வப்போது கழற்றி நல்ல தண்ணீரில் கழுவுங்கள். நடுவில் சின்னதாக மூன்றாவது பெட்டி இருந்தால் கூடுதல் லாபம். ஒரு குட்டி ஃபின் போட்டால் வழுக்கல் குறையும், ட்வினின் ஓட்டமும் பெரிதாகப் போகாது. வேகமான அலை நாளுக்கு உதவும். கள்ளக்கடல் (முன்னறிகுறி இல்லாமல் திடீரென்று பொங்கி வருகிற அலை) எச்சரிக்கை வந்திருக்கிற நாளைச் சொல்லவில்லை. ஹைதராபாத்தில் இருக்கிற இன்காய்ஸ் (கடல் நிலை பற்றி எச்சரிக்கிற மத்திய அரசு மையம்) அறிவிப்பு வந்தால் எந்த ஃபினும் வேண்டாம், கரையில் இருங்கள்.

அளவைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. உங்கள் ஷார்ட்போர்டைவிட சில அங்குலம் குட்டை, கொஞ்சம் அகலம், லிட்டரில் குறைக்க வேண்டாம். 70 கிலோ இருக்கிற, ஓரளவு ஓட்டத் தெரிந்தவருக்கு 35 லிட்டர் பக்கம் வந்தால் நிம்மதி. ஓட்டும்போது பின்காலால் வாலை மிதித்துத் திருப்பாமல், முன்காலில் எடை வைத்து விளிம்பைச் சாய்த்துத் திருப்புங்கள். எழுந்து நிற்கவே இன்னும் தடுமாறுகிறவர் இதை எல்லாம் படித்துவிட்டு ஃபோம் போர்டுக்கே போகலாம்.

கடைசியாக ரிப்பேர். கல்லில் இடித்தால் எல்லோரும் தூக்கிக்கொண்டு ஓடுவது ஃபைபர் வள்ளம் பார்க்கிற பட்டறைக்குத்தான். அண்ணன்மார் கை சுத்தம், சந்தேகமில்லை. ஆனால் அவர்கள் கையில் இருப்பது பெரும்பாலும் பாலியெஸ்டர் ரெசின். உள்ளே பாலியூரிதேன் ஃபோம் இருக்கிற பியூ போர்டுக்கு அது சரி. உள்ளே தெர்மோகோல் வகை ஃபோம் இருக்கிற எபாக்சி போர்டில் ஊற்றினால் அந்த ரெசின் ஃபோமையே கரைத்துத் தின்றுவிடும், சின்ன ஓட்டை குழியாகிவிடும். உங்கள் போர்டு எது என்று தெரிந்து, எபாக்சி ரெசினை நீங்களே வாங்கிக்கொண்டு போய்க் கொடுங்கள்.

அப்புறம், யாரிடமாவது நல்ல கீல் ஜோடி விற்பனைக்கு இருந்தால் சொல்லுங்கள். என் போர்டு ஃபியூச்சர்ஸ் பெட்டி.