அனுமதிப் பெட்டி தோன்றும் முன்பே முடிவாகிவிடும் ஒன்று

கைப்பேசியின் கேமரா, இருப்பிடம், தொடர்புப் பட்டியல், பேட்டரி ஆகியவற்றை ஓர் இணையப் பக்கம் எந்த ஜாவாஸ்கிரிப்ட் இடைமுகத்தின் (பக்கத்தின் நிரல் கருவியிடம் ஒன்றைக் கேட்டு விடை பெற வகுக்கப்பட்ட வழி, அதாவது ஏபிஐ) வழியாக எட்ட வேண்டும் என்பது, நிரலாளர்கள் தங்களுக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய நுணுக்கம் என்றே பலரும் நினைக்கிறார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பயனரின் அந்தரங்கம் காக்கப்படுமா என்பதை ‘அனுமதி’, ‘தடை’ என்று இரண்டு பொத்தான்களோடு வரும் பெட்டி தீர்மானிப்பதில்லை. அந்த இடைமுகம் எதைக் கேட்கவிடுகிறது, எதைத் திருப்பித் தருகிறது என்று தரநிலையை எழுதியவர்கள் முடிவு செய்த அன்றே அது தீர்மானமாகிவிடுகிறது.

ஐபோனுக்கு அப்ஜெக்டிவ்-சி, ஆண்ட்ராய்டுக்கு ஜாவா, நோக்கியா போன்களில் இருந்த சிம்பியனுக்கு சி++ என்று ஒரே செயலியை மூன்று மொழிகளில் மூன்று முறை எழுத வேண்டியிருந்த காலத்தில்தான், இணைய மொழிகளில் ஒருமுறை எழுதி எல்லாப் போன்களிலும் ஓட்டும் முயற்சிகள் தொடங்கின. 2008இல் அதற்கான போன்கேப் என்ற கருவித்தொகுப்பு வந்தது. தொலைபேசி நிறுவனங்களின் கூட்டமைப்பு ஒன்று பாண்டி என்ற பெயரில் தன் சொந்த இடைமுகங்களை வகுத்தது. 2010 பிப்ரவரியில் பார்சிலோனாவில் அறிவிக்கப்பட்ட வாக் என்ற பெரிய கூட்டமைப்பில் அது கலந்தது. 2012இல் அந்தக் கூட்டமைப்பும் முடிவுக்கு வந்தது. இதற்கிடையே 2009இல், இணையத் தரநிலைகளை வகுக்கும் அமைப்பான டபிள்யூ3சி இதற்கென்றே ஒரு பணிக்குழுவை அமைத்தது. நிறுவனங்களின் முயற்சி நிலைக்காமல் போனதற்கும் டபிள்யூ3சியின் வேலை பாதியாவது நிலைத்ததற்கும் காரணம் ஒன்றே என்பது என் கணிப்பு: முன்னது செயலிக் கடையில் பதிவு பெற்ற நிரலை நம்பி வகுக்கப்பட்டது, பின்னது முன்பின் தெரியாத எந்தப் பக்கமும் திறக்கப்படக்கூடிய உலாவியை மனத்தில் வைத்துச் சிந்திக்க வேண்டியிருந்தது.

தொடர்புப் பட்டியலை எடுத்துக்கொள்வோம். போன்கேப்பிலும் அதன் வாரிசான கார்டோவாவிலும் அமைந்த ‘ஃபைண்ட்’ என்ற செயற்கூறு, தேடல் சொல் ஒன்றைக் கொடுத்தால் அதற்குப் பொருந்தும் தொடர்புகளைத் தரும். தேடல் சொல்லை வெறுமையாக விட்டுப் பல விடைகள் வேண்டும் என்று குறித்தால் பட்டியல் முழுவதும் வந்து விழும். பயனர் ஒருமுறை ‘சரி’ சொன்னதோடு அவருடைய பங்கு முடிந்துவிடுகிறது. 2020இல் ஆண்ட்ராய்டு குரோமில் வந்த தொடர்புத் தேர்வு இடைமுகம் வேறு வகையானது. இதில் பக்கம் தேடுவதே இல்லை. பயனர் ஒரு பொத்தானைத் தொட்ட பிறகுதான் அதை அழைக்க முடியும். அழைத்ததும் உலாவி தன் சொந்தத் திரையில் பட்டியலைக் காட்டும். அதில் அவர் குறியிட்ட பெயர்கள் மட்டும், அந்த ஒரு முறைக்கு மட்டும், பக்கத்துக்குக் கிடைக்கும். எண்ணைக் கொடுத்து மின்னஞ்சலை விலக்கவும் அவரால் முடியும். ஒரு நண்பரை அழைக்கவோ ஒருவருக்குப் பணம் அனுப்பவோ தேவையானது இவ்வளவுதான்.

இன்னொரு சிறு மாற்றமும் என்னை மகிழ்வித்தது. பழைய வடிவம் பெயரைக் குடும்பப் பெயர், இடப்பட்ட பெயர், நடுப்பெயர் என்று கூறுபோட்டது. தலைப்பெழுத்தும் பெயருமாக வாழும் நம்மில் பலருக்கு அந்தக் கட்டங்களில் எதை எங்கே நிரப்புவது என்பது தீராத குழப்பம். புதிய இடைமுகம் பெயரை ஒரே எழுத்துத் தொடராகத் தருகிறது. போனில் ‘பால்காரர் முருகன்’ என்று சேமித்திருந்தால் அப்படியே வரும்.

பேட்டரி இடைமுகத்தின் கதை இதற்கு எதிர்மாறானது. மின்னளவு குறைந்திருந்தால் கனமான படங்களைத் தவிர்க்கலாம் என்ற நல்லெண்ணத்தில்தான் அதை வகுத்தார்கள். அது வெளியிடும் தகவலால் அந்தரங்கத்துக்குப் பெரிய பாதிப்பில்லை, ஆகவே அனுமதி கேட்கத் தேவையில்லை என்றே 2012இன் வரைவு கருதியது. ஆனால் லினக்ஸில் ஓடிய ஃபயர்பாக்ஸ் மின்னளவைப் பதினைந்துக்கும் மேற்பட்ட தசம இடங்களோடு சொன்னது. அத்துடன் பேட்டரி தீர எத்தனை நொடிகள் ஆகும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இரண்டு வெவ்வேறு தளங்களைத் திறந்திருப்பது ஒரே கருவிதான் என்று சிறிது நேரத்துக்கேனும் அடையாளம் காண முடியும் என்பதை 2015இல் ஐரோப்பிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். 2017இல் ஃபயர்பாக்ஸ் 52 இந்த இடைமுகத்தை இணையப் பக்கங்களிடமிருந்து விலக்கிக்கொண்டது. ஒரு பக்கத்துக்கு உண்மையில் தேவைப்பட்டது ‘மின்னளவு குறைவாக இருக்கிறதா’ என்ற கேள்விக்கு ஆம் அல்லது இல்லை என்ற விடை மட்டுமே. அதை மட்டும் தந்திருந்தால் அந்த இடைமுகம் இன்று எல்லா உலாவிகளிலும் இருந்திருக்கும் என்று நம்புகிறேன்.

2020இல், சஃபாரி உலாவியை இயக்கும் உள் பொறியான வெப்கிட்டை உருவாக்கும் ஆப்பிள் குழு, கருவியை அடையாளம் காண உதவக்கூடும் என்ற காரணத்தால் 16 இடைமுகங்களைச் செயல்படுத்தப்போவதில்லை என்று அறிவித்தது. புளூடூத், என்எஃப்சி (அருகில் வைத்தாலே தகவல் பரிமாறும் நுட்பம்), யூஎஸ்பி, பேட்டரி எல்லாம் அந்தப் பட்டியலில் இருந்தன. அவர்களுடைய கவலை உண்மையானது. ஆனால் அப்போது ஐபோனில் எந்த உலாவியும் வெப்கிட்டையே பயன்படுத்தியாக வேண்டும் என்பதால், அவர்களின் மறுப்பு அந்தப் போன் முழுவதற்குமான மறுப்பாக ஆனது. கதவை முற்றாக அடைத்தால் பயனர் அந்த வேலையைக் கைவிடுவதில்லை. அதே நிறுவனத்தின் செயலியை நிறுவிக்கொள்கிறார். அந்தச் செயலியோ பெரும்பாலும் பக்கம் கேட்டதைவிடக் கூடுதலாகவே கேட்கிறது. புளூடூத் இடைமுகம்கூட, சுற்றிலும் உள்ள கருவிகளைப் பக்கத்துக்குக் காட்டாமல், பயனர் தேர்ந்தெடுத்த ஒன்றை மட்டுமே இணைக்கும்படி வகுக்கப்பட்டது. அதில் குறை இருந்தால் வடிவத்தை இறுக்கக் கோரியிருக்கலாம்.

இருப்பிட இடைமுகத்தைப் பற்றித்தான் எனக்கு அதிக ஆதங்கம். 2009இல் ஃபயர்பாக்ஸ் 3.5இலும் ஐபோனின் சஃபாரியிலும் வந்து, 2013இல் டபிள்யூ3சியின் பரிந்துரையான (அதாவது முடிவான தரநிலையான) இது, பல வகையில் அருமையான வடிவமைப்பு. ஜிபிஎஸ், வைஃபை, செல்கோபுரம் என்று எந்தத் தொழில்நுட்பத்தையும் பக்கம் அறிய வேண்டியதில்லை; அட்சரேகை, தீர்க்கரேகையோடு அவை எத்தனை மீட்டர் பிசகக்கூடும் என்பதையும் அது கட்டாயமாகச் சொல்கிறது. ஆனால் அந்தப் பரிந்துரையில், கூடுதல் துல்லியம் வேண்டும் என்று கேட்க ஒரு வழி உண்டு. ‘எந்த ஊர் என்று தெரிந்தால் போதும்’ என்று குறைத்துக் கேட்க வழியே இல்லை. வானிலை சொல்லும் பக்கமும், வீட்டு வாசலுக்கு ஆட்டோ அழைக்கும் பக்கமும் பயனரிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்க வேண்டியிருக்கிறது. 2020இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 14, தோராயமான இடத்தை மட்டும் தரும் உரிமையைப் பயனர் கையில் கொடுத்தது. அது நல்லதுதான், ஆனால் குறைவாகக் கேட்க விரும்பும் நேர்மையான நிரலாளருக்கும் அதே வசதி தரநிலையிலேயே இருக்க வேண்டும். டபிள்யூ3சியின் வரைவுகள் யாரும் படித்துக் கருத்துச் சொல்லும்படி, நிரல்களைப் பகிரும் தளமான கிட்ஹப்பில் திறந்தே கிடக்கின்றன. வானிலையோ பேருந்து நேரமோ சொல்லும் தளங்களைத் தமிழில் நடத்தும் நண்பர்கள், தங்கள் பக்கத்துக்கு எத்தனை கிலோமீட்டர் துல்லியம் போதும் என்பதை அங்கே எழுத வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.