வெறும் 'டு' என்று ஒரு வரி அனுப்பினால் நாங்கள் என்ன எழுதுவது?

ஆங்கிலச் செயலியைத் தமிழாக்கித் தரச்சொல்லி மொழிபெயர்ப்பாளர்களான எங்களுக்குக் கோப்பு வருகிறது. திறந்தால் ஒரு வரியில் 'டு' (To). அடுத்த வரியில் 'ஆஃப்' (Off). அதற்கடுத்து 'ஓப்பன்'. திரைப் படம் கிடையாது, குறிப்பு கிடையாது, எந்தப் பக்கத்தில் வருகிறது என்ற தகவலும் கிடையாது. கேட்டால், "சின்னச் சின்ன வார்த்தைதானே, ஒரு மணி நேரத்துல முடிச்சிடலாமே" என்று பதில் வரும். சின்ன வார்த்தைதான் ஐயா பிரச்சினையே!

'ஆத்தென்டிகேஷன்' அனுப்புங்கள், 'என்கிரிப்ஷன்' அனுப்புங்கள், யோசிக்காமல் எழுதித் தருகிறோம். நீள வார்த்தைக்குப் பெரும்பாலும் ஒரே வேலைதான். 'ரன்' அப்படியா? ஆக்ஸ்ஃபோர்டு ஆங்கில அகராதியின் புதிய திருத்தத்தில், வினைச்சொல்லாக மட்டுமே அதற்கு 645 பொருள்களைப் பிரித்துக் காட்டியிருக்கிறார்கள். 1989-இல் 20 தொகுதிகளாக வந்த பதிப்பில் மிக நீண்ட பதிவு 'செட்'. அகராதிக்காரர்களே பக்கம் பக்கமாக மல்லுக்கட்டிய வார்த்தைகளை எங்களிடம் மொட்டையாகத் தூக்கிப் போட்டுவிட்டு, வார்த்தைக்கு இவ்வளவு காசு என்று கணக்குப் பார்க்கிறார்கள்.

'டு'வையே எடுத்துக்கொள்வோம். மின்னஞ்சலில் அது 'பெறுநர்'. அறிக்கையில் தேதி தேர்ந்தெடுக்கும் பெட்டியில் 'வரை'. பஸ் டிக்கெட் பக்கத்தில் 'சேருமிடம்'. நாணய மாற்றுப் பக்கத்தில் 'எந்த நாணயத்துக்கு'. தமிழில் நான்கும் நான்கு. நிரல் எழுதுபவருக்கோ எல்லாம் ஒரே இரண்டெழுத்து. 'எதற்குத் திரும்பத் திரும்ப எழுதுவானேன்' என்று ஒரே வரியை நான்கு இடத்திலும் மாட்டிவிடுகிறார். அப்புறம் மின்னஞ்சலுக்காகப் போட்ட தமிழ் டிக்கெட் பக்கத்திலும் ஏறி உட்கார்ந்துகொள்ளும். 'அனுப்புநர்: சென்னை. பெறுநர்: மதுரை.' நாம் என்ன பார்சலா?

'ஆஃப்' இன்னும் மோசம். அமைப்புகள் பக்கத்துப் பொத்தானுக்காக 'அணைக்கப்பட்டது' என்று எழுதுவோம். அதே வரியைத் தள்ளுபடிப் பக்கத்தில் ஓர் எண்ணோடு ஒட்டவைப்பார்கள். '20% அணைக்கப்பட்டது' என்று திரையில் வரும். 'லெஃப்ட்' என்று தனியாக வந்ததை 'இடது' என்று போட்டால், சந்தா முடியும் பக்கத்தில் '3 நாட்கள் இடது'. 'ஃப்ரீ' என்பதை 'இலவசம்' என்று போட்டால், நினைவகப் பக்கத்தில் '12 ஜிபி இலவசம்', ஏதோ ஆடித் தள்ளுபடி மாதிரி. இதையெல்லாம் படம் பிடித்துப் போட்டுச் சிரிப்பவர்கள் திட்டுவது யாரை? தமிழாக்கியவரைத்தான்.

பொருள் குழப்பம் பாதிதான். மீதி இலக்கணம். 'ஓப்பன்' என்பது பொத்தானில் 'திற'. கடையின் நிலையைச் சொல்லும்போது 'திறந்திருக்கிறது'. 'எம்ட்டி ட்ராஷ்' என்றால் குப்பையைக் காலி செய்யச் சொல்கிறதா, குப்பைத்தொட்டி காலியாக இருக்கிறது என்கிறதா? 'ரீட்' (Read) என்றால் படிக்கச் சொல்கிறதா, படித்து முடித்தவையா? ஆங்கிலத்தில் எழுத்து மாறாது. தமிழில் ஏவலா, பெயரெச்சமா, முற்றா என்று முடிவு செய்யாமல் ஓர் எழுத்துகூட வைக்க முடியாது. (நம்மிடமும் 'படி' இருக்கிறது, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அதை யாரும் தனியாக ஒரு கட்டத்தில் போட்டு வேற்றுமொழிக்காரரிடம் நீட்டுவதில்லை.)

இதற்கு மேல், முன்பு செய்த மொழிபெயர்ப்புகளைச் சேமித்துவைக்கும் மொழிபெயர்ப்பு நினைவகம் என்று ஒன்று. பழைய கோப்பில் 'ஆர்டர்' என்பதற்கு 'வரிசை' என்று ஒருமுறை போட்டிருந்தால், புதுக் கோப்பில் '100% பொருத்தம்' என்று தானாக நிரப்பிவிடும். 'உங்கள் வரிசை அனுப்பப்பட்டது' என்று வாடிக்கையாளருக்குச் செய்தி போகும். 100% பொருந்திய வரிக்குக் கூலியும் பல இடங்களில் குறைவு, சில இடங்களில் சுத்தமாக இல்லை. ஆக, தவறைத் திருத்த உட்காருகிறவர் ஓசியில்தான் திருத்த வேண்டும்.

தீர்வு இல்லாமல் இல்லை. செயலியின் வரிகளை மொழிபெயர்க்கப் பயன்படும் கெட்டெக்ஸ்ட் (gettext) கருவியில் ஒவ்வொரு வரிக்கும் சூழலை, அதாவது அது எங்கே, எதற்காக வருகிறது என்பதை, தனியாக எழுத 2006-லேயே வசதி வந்துவிட்டது. சூழல் எழுதாவிட்டால், ஒரே மாதிரி எழுதப்பட்ட வரிகளெல்லாம் ஒரே பதிவாகச் சுருங்கிவிடும். மாதத்தின் முழுப்பெயரான 'மே'யும், 'செய்யலாம்' என்ற பொருளில் வரும் 'மே'யும் ஒன்றாகிவிடும். பிரிக்க வழியே இல்லை. ஆண்ட்ராய்டு என்றால் இன்னும் சுலபம்: டிக்கெட்டுக்கு ஒரு பெயர், மின்னஞ்சலுக்கு ஒரு பெயர் என்று இரண்டு வரியாக வைத்து, மேலே ஒரு குறிப்பு எழுதினால் போதும்.

ஆனால் இதைக் கடைசி வாரத்தில் செய்யாதீர்கள். கெட்டெக்ஸ்டில் பழைய வரிக்குப் புதிதாகச் சூழல் சேர்த்தால் அது வேறு வரியாகிவிடும். இருந்த தமிழ் 'ஐயத்துக்குரியது' என்ற குறியோடு ஓரமாக நிற்கும். யாராவது சரிபார்த்து அந்தக் குறியை எடுக்கும்வரை செயலியில் ஆங்கிலமே தெரியும். 'வரிகளை முடக்கியாச்சு, எதையும் மாற்றக் கூடாது, இனி அடுத்த வெளியீட்டில்தான்' என்று செயலி செய்பவர்கள் கையை விரிப்பதும் இந்த நேரத்தில்தான்.

கோப்பை அனுப்புவதற்கு முன்னால் அதில் ஒற்றை வார்த்தையாக நிற்கும் வரிகளை மட்டும் தேடி எடுங்கள். டு, ஃப்ரம், ஆன், ஆஃப், செட், ரன், ஓப்பன், க்ளோஸ், லெஃப்ட், ரைட், ஆர்டர், செகண்ட், மேட்ச், சார்ஜ் எல்லாம் அங்கேதான் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: எந்தத் திரை, பொத்தானா தலைப்பா நிலையா, முன்னாலோ பின்னாலோ எண்ணோ பெயரோ ஒட்டுமா. ஒட்டும் என்றால் துண்டாக அனுப்பாதீர்கள், முழு வாக்கியமாக அனுப்புங்கள். எண் வரும் இடத்தை நாங்களே நகர்த்திக்கொள்கிறோம்.