மேனேஜர் கொடுக்கும் புத்தகம்

மதுரை விளக்குத்தூண் பக்கம் ஒரு ஜவுளிக்கடையில் ஆறு வருடம் சேலைப் பிரிவில் நின்றேன். நின்றேன் என்பதை அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். காலை ஒன்பதரைக்குள் போனால் இரவு ஒன்பதரை வரை கால்கடுக்க நிற்க வேண்டும். சாப்பாட்டு நேரத்தில் மட்டும்தான் உட்காருவோம்.

அங்கே புதிதாக வந்த மேனேஜர் திங்கட்கிழமைதோறும் வாட்ஸ்அப் குரூப்பில் ஒரு சுயமுன்னேற்றப் புத்தகத்தை பி.டி.எஃப். ஆக்கிப் போடுவார். (எழுதியவருக்கு ஒரு பைசா போகாது. அது தனி வருத்தம்.) சனிக்கிழமைக்குள் ஆளுக்கு மூன்று பாயிண்ட் எழுதி அனுப்ப வேண்டும்.

ஒரு வாரம் வந்தது, விடிகாலை ஐந்து மணிக்கு எழுந்தால் வாழ்க்கையே மாறும் என்கிற புத்தகம். சோழவந்தானிலிருந்து வரும் அக்கா ஒருவர் எங்கள் பிரிவில் இருந்தார். நாலு மணிக்கே எழுந்து உலை வைத்து, மாமியாருக்கு இன்சுலின் போட்டு, இரண்டு பிள்ளைகளுக்கும் டிபன் கட்டிவிட்டு பஸ் ஏறுகிறவர். தீபாவளி சீசனில் வீடு சேரப் பதினொன்று ஆகிவிடும். அந்த மூன்று பாயிண்டையும் ஒன்பதாம் வகுப்பு படிக்கும் மகன்தான் எழுதிக் கொடுத்திருந்தான். டீ வந்த நேரத்தில் போனை என்னிடம் நீட்டி, “சரியா இருக்கான்னு பாரு கண்ணு, தப்பா இருந்தா எல்லார் முன்னாடியும் கேப்பாரு” என்றார். முதல் பாயிண்ட், ‘இனி நான் சோம்பலை விடுவேன்.’

அன்றைக்கு வந்த கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

அந்த மேனேஜர் கெட்டவர் இல்லை. அவரும் படிப்பவர், அவருக்கு அந்தப் புத்தகங்கள் உதவியும் இருக்கும். ஆனால் நண்பர் “படிச்சுப் பாரு” என்பதும் சம்பளம் போடுகிறவர் “படிச்சுப் பாரு” என்பதும் ஒன்றா? உன்னிடம் ஏதோ குறை இருக்கிறது என்றுதான் கீழே இருப்பவர் காதில் விழும். ஸ்பென்சர் ஜான்சன் 1998-இல் எழுதிய சீஸ் தேடும் எலிகளின் கதையைப் பல கம்பெனிகள் மொத்தமாக வாங்கி ஊழியர்களுக்குக் கொடுத்தன. மாற்றம் வந்தால் முணுமுணுக்காமல் மாறிக்கொள் என்பதுதான் கதை. மாற்றத்தைக் கொண்டுவந்தவரே அதைக் கையில் திணித்தால் எப்படி இருக்கும்?

எங்களுக்கு அன்று தேவைப்பட்டது ஒரு ஸ்டூல். கடை ஊழியர்களுக்கு இருக்கை தரவேண்டும் என்று கேரளம் 2018-இலேயே சட்டம் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2021-இல்தான் 1947-ஆம் வருடத்துக் கடைகள், நிறுவனங்கள் சட்டத்தைத் திருத்தினார்கள். தன் கையால் சரிசெய்யக்கூடிய ஒன்றை வைத்துக்கொண்டு, ஊழியரின் மனதைத் திருத்தப் புத்தகம் கொடுப்பது நியாயமே இல்லை.

இப்போது வேறொரு கடையில் நானே பன்னிரண்டு பேருக்கு சூப்பர்வைசர். புத்தகம் என்றால் எனக்கு உயிர், அதனால் நானும் கொடுக்கத்தான் செய்கிறேன். என் பிரதியை, நான் கோடு போட்ட பக்கங்களோடு, கேட்டவருக்கு மட்டும் கொடுப்பேன். படித்தாயா என்று அப்புறம் கேட்க மாட்டேன். கட்டாயம் படிக்க வேண்டியது என்றால் அது வேலை. வேலை நேரத்தில்தான் படிக்கச் சொல்ல வேண்டும்.

தமுக்கத்தில் புத்தகத் திருவிழா நடந்தபோது முதலாளியிடம் பேசி, எல்லோருக்கும் அரை நாள் லீவும் ஆளுக்கு ஐந்நூறு ரூபாயும் வாங்கினேன். எது வேண்டுமானாலும் வாங்கலாம், என்னிடம் காட்டக்கூட வேண்டாம் என்றேன். சோழவந்தான் அக்காவும் இப்போது எங்களோடுதான் இருக்கிறார். அவர் பிளவுஸ் கட்டிங் புத்தகம் ஒன்று வாங்கினார். பில்லிங் மேஜையில் கிடந்த பழைய ஸ்கேலைக் கேட்டு வாங்கிக்கொண்டு, மதியச் சாப்பாடு முடிந்ததும் செய்தித்தாளில் கழுத்து வளைவை வரைந்து வரைந்து பார்ப்பார். போன மாதம் எனக்கு ஒரு பிளவுஸ் தைத்துக் கொடுத்தார். தோள்பட்டை கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.