யூரோ 5 டீசல் ஊற்றினால் கரியே படியாதா?

பினாங்கு லோரி ஓட்டுநர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு செய்தி சுற்றுகிறது: "யூரோ 5 டீசல் ஊற்றினால் இஜிஆரில் கரி படியாது, இனிக் கழுவவே வேண்டாம்." இஜிஆர் என்பது எஞ்சின் புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள் விடும் அமைப்பு. அந்தச் செய்தி தவறு.

2021 ஏப்ரல் முதல் மலேசிய எண்ணெய் நிலையங்களில் விற்கும் யூரோ 5 டீசலில் கந்தகம் 10 பிபிஎம்மைத் (பத்து லட்சத்தில் 10 பங்கு) தாண்டக்கூடாது. பழைய யூரோ 2 டீசலில் 500 வரை இருந்தது. கந்தகம் குறைந்தால், அந்தப் புகையைக் குளிர்விக்கும் இஜிஆர் கூலரை அரிக்கும் அமிலம் குறையும். நல்லதுதான். ஆனால் கரி வருவது பெரும்பாலும் கந்தகத்தால் அல்ல, ஆக்சிஜன் போதாமல் டீசல் அரைகுறையாக எரிவதால். இஜிஆரோ புகையில் ஒரு பங்கைத் திரும்ப எஞ்சினுக்குள்ளேயே விடுகிறது. அப்புறம் ஆக்சிஜன் எங்கே மிஞ்சும்? பட்டர்வொர்த்தில் எஞ்சினை அணைக்காமல் வரிசையில் நிற்கும் லோரிக்கு இன்னும் மோசம்.

சந்தேகமா? லோரியின் சர்வீஸ் கையேட்டில் இஜிஆர் பகுதியைப் புரட்டிப் பாருங்கள். அந்தச் செய்தியை இனி யாருக்கும் அனுப்பாதீர்கள், அண்ணன்மாரே.