கடப்பா வேறு, கருப்பு கிரானைட் வேறு

"கடப்பாவும் கருப்பு கிரானைட்டும் ஒரே கல்தான், பாலிஷ்தான் வித்தியாசம்" என்று அடுப்படி மேடைக்குப் போடும் கற்களைப் பற்றிக் காரைக்குடிப் பக்கம் வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. தவறு. கடப்பா சுண்ணாம்புக்கல், புளிப்பு பட்டால் அரிக்கும். கருப்பு கிரானைட் பூமிக்கடியில் பாறைக்குழம்பு இறுகி உண்டான பாறை. புளி கரைக்காத செட்டிநாட்டு அடுப்படி உண்டா? கடப்பா மேடையில் புளிக்கிண்ணம் வைத்த இடம் வட்டமாக வெளுத்துக் கிடக்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாது. அது கறையல்ல, பாலிஷே போன இடம்.

சந்தேகமா? கடையில் துண்டுக்கல் கேட்டு வாங்கி, சோப்புப் போட்டுக் கழுவி, எலுமிச்சைச் சாறு நாலு சொட்டு விடுங்கள். பத்து நிமிடம் கழித்துத் துடைத்தால் மங்கியிருக்கிறதா, சுண்ணாம்புக்கல்தான்.

செலவு குறைய, மேடைக்கு மட்டும் கிரானைட் போட்டு, கீழ்த்தட்டுகளுக்குக் கடப்பா வையுங்கள். அந்த வேலைக்கு அது அருமையான கல். சிங்க்கை மட்டும் கல் அறுக்கும் முன்பே வாங்கிவிடுங்கள், அதன் அளவுக்குத்தான் மேடைக்கல்லில் துளை வெட்ட வேண்டும்.